கோஃபியோவுக்குக் கொஞ்சம் ஈரல்

மீதமிருந்த ஊசிகளைக் கொண்டுவந்திருக்கிறேன், டாக்டர். பிரிக்காத பெட்டி ஒன்று, பிரித்தது ஒன்று. இன்சுலின் குப்பி இந்தத் தெர்மோஸுக்குள் இருக்கிறது. ஐஸ் போட்டிருக்கிறேன். மாத்தே இலையில் ஊற்றிக் குடிக்க வெந்நீர் வைக்கிற தெர்மோஸ்தான். குளிர்ச்சியையும் நன்றாகவே காக்கிறது. வேறு யாருடைய பூனைக்காவது கொடுங்கள்.

உட்காரலாமா? வெளியே யாரும் காத்திருக்கவில்லை. உங்கள் உதவிப் பெண் சாப்பிடப் போயிருக்கிறாள். நேற்று ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்தேன். கோஃபியோவின் விஷயத்தில் நீங்கள் உங்களையே நொந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். இன்சுலின் அளவை அவ்வளவு ஏற்றியிருக்கக் கூடாது என்கிறீர்களாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு வயது குறைவு. இந்தச் சுமையோடு இன்னும் எத்தனையோ காலம் வேலை பார்க்க வேண்டும். உங்கள் மேல் தவறில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டீர்கள். ஒரு முறைக்கு மேல் கேட்டீர்கள். இல்லை என்றேன். அந்தப் பதில் சரியல்ல.

எங்கள் வீட்டு நடு அறைக்குக் கண்ணாடிக் கூரை. வெயில் தரையில் சதுரமாக விழும். காலையில் அலமாரிப் பக்கம், மதியம் என் தையல் மிஷின் பக்கம். கோஃபியோ அந்தச் சதுரத்தோடு நாள் முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும். மதியம் என் காலடியில் படுத்திருக்கும் என்றாலும் என்னிடம் வந்ததாக அர்த்தமில்லை. வெயிலிடம் வந்தது. அது என் தங்கையின் பூனை. கண் திறக்காத குட்டியாக அதைக் கம்பளித் தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் சுல்மா. சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டியவளும் அவள்தான். கோஃபியோ என்கிற வறுத்த சோள மாவின் நிறம், அதனால் அந்தப் பெயர். நான் அந்த வீட்டில் இருப்பதை அது பதினான்கு வருடம் பொறுத்துக்கொண்டது.

சுல்மா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஓய்வூதியக்காரர்கள் சங்கம் சால்த்தோ பக்கம் வெந்நீர் ஊற்றுக்குப் பேருந்து விட்டபோது அவள் போனாள். பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன். திரும்பி வரும்போது ஒரு பெட்டி ஆரஞ்சும், வில்மார் என்ற பெயரும் கொண்டுவந்தாள். மனைவியை இழந்தவர். ஆரஞ்சுத் தோட்டம், மூன்று நாய்கள். ஞாயிறு தோறும் காலையில் போன் செய்தார்.

எங்கள் வீட்டில் மாத்தே ஊற்றுவது நான். சுல்மா குடிப்பாள். ஒரு நாள் காலை மாத்தே ஊற்றிய சுரைக்குடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, வில்மார் என்னை அங்க வந்து இருக்கச் சொல்றார்.”

“எங்க?”

“சால்த்தோவுலதான். தோட்டத்து வீட்டுல.”

“ஆரஞ்சு பறிக்கவா?”

“பறிச்சாத்தான் என்ன. இங்க உக்காந்து நீ போடற நூல் துண்டைப் பொறுக்கறதுக்கு அது தேவலாம்.”

“அறுபத்திரண்டு வயசு ஆகுது உனக்கு.”

“அவருக்கு அறுபத்தாறு. ரெண்டையும் கூட்டினா உன் நாக்கோட வயசு வரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குடுக்கையைத் திருப்பிக் கொடுத்து நன்றி என்றாள். இரண்டாவது சுற்றுதான் ஆகியிருந்தது. நன்றி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த ஆளுக்கு ஊற்றக்கூடாது, உங்களுக்குத் தெரியாததில்லை. வெந்நீர் நிறைய மிச்சமிருந்தது. நான் தனியாகக் குடித்தேன்.

வில்மார் ஒரு தடவை வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. உட்கார்ந்ததும் கோஃபியோ அவர் மடியில் ஏறிவிட்டது.

“என் மேல நாய் வாசனை அடிக்குமே. இவனுக்கு மூக்கு இல்லையா?” என்றார்.

“மூக்கு இருக்கு. ரோஷம்தான் கிடையாது,” என்றாள் சுல்மா.

“அப்ப எங்க வீட்டுக்குச் சரியான ஆளு.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும் வந்துடுங்க, நிபியா. ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு.”

“நாய்ங்க படுக்கற ரூமா?”

“அதுங்க ஒண்ணும் சொல்லாது. நான் பேசிக்கறேன்.”

மரியாதைக்குக் கேட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபடி இரண்டு தடவை போனிலும் கேட்டார். அதுவும் மரியாதைதான்.

பூனைக்கும் ஏற்பாடு செய்திருந்தார். நாய்கள் வராதபடி வராந்தாவுக்கு வலை அடித்துவிட்டேன் என்றார். இலையுதிர் காலம் முடிவதற்குள் போவதாக இருந்தது. சுல்மா பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எது வேண்டும், அவளுக்கு எது வேண்டும் என்று. அப்போதுதான் கோஃபியோ தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. துணி ஊறவைத்த வாளியில்கூட வாய் வைத்தது. தின்றபடியே இளைத்தது.

உங்களிடம் கொண்டுவந்தோம். “வயசான பையன், பாவம்,” என்று சொல்லி அதன் காதில் ஊசியால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தீர்கள். சர்க்கரை என்றீர்கள். சுல்மா அழுதாள். நீங்கள் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

“இதுக்கு முன்னாடி கார்ட்டிசோன் மாத்திரை ஏதாவது குடுத்திருக்கீங்களா? பூனைக்கு அது சர்க்கரையை ஏத்திவிட்டுடும். அதான் கேக்கறேன்.”

இல்லை என்றேன். அப்போது அது உண்மை. அந்த முதல் நோய் தானாக வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை.

சர்க்கரை ஒரு நிலைக்கு வரும் வரை வீடு மாற்ற வேண்டாம் என்றீர்கள். இடம் மாறினால் பயத்தில் சாப்பிடாது, சாப்பிடாமல் ஊசி போட்டால் ஆபத்து என்று விளக்கினீர்கள். சுல்மா வில்மாருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் ஆரஞ்சு அனுப்பினார். அந்த ஆரஞ்சுகளில்தான் நாங்கள் ஊசி போட்டுப் பழகினோம். பழத்தின் தோலும் பூனையின் தோலும் ஒரே மாதிரி என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். பழகிய பழங்களை யாரும் சாப்பிடவில்லை. கூடையிலேயே சுருங்கின.

அந்தக் குளிர்காலம் நல்ல குளிர்காலம். காலையில் முதலில் பூனை சாப்பிடும். பிறகு சுல்மா ஊசி போடுவாள். “ஆச்சு, ஊத்து,” என்பாள். நான் முதல் மாத்தேயை ஊற்றுவேன். ஊசி முடியாமல் மாத்தே கிடையாது. சாயங்காலமும் அதே வரிசை. இதனால் எங்கள் வீட்டில் மறதிக்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அன்று நான் தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருச் சந்தைக்குப் போய்விடுவேன். காய்கறிக்காரியோடு அங்கேயே குடிப்பேன். வீட்டில் மாத்தே இருக்காது. சில ஞாயிறு ஊசியை நான் போட்டுவிட்டுப் போவேன். சில ஞாயிறு அவள் போடுவாள்.

சுல்மா அந்தக் குளிர்காலத்தில் என்னோடு ஏழெட்டுச் சுற்று குடித்தாள். வெந்நீர் தீரும் வரை உட்கார்ந்திருந்தாள். பூனை எப்படிச் சாப்பிட்டது, வெளிக்கு எப்படிப் போனது என்று பேசினோம். அம்மா படுத்திருந்த காலத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

வசந்தத்தில் நீங்கள் நல்ல செய்தி சொன்னீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது.

“இப்படியே போனா ஊசியே வேண்டாம்னு ஆகிடலாம். சில பூனைங்களுக்கு சர்க்கரை தானா விட்டுப்போயிடும்.”

“அப்ப சால்த்தோவுக்கு?” என்றாள் சுல்மா.

“இன்னும் ஒரு மாசம் பாத்துட்டு, தாராளமா கூட்டிட்டுப் போங்க.”

அவள் உங்களைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். பேருந்தில் பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடினாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் சிரித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் மூட்டு வாதத்துக்கு ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரைகள் பொத்தான் டப்பாவில் இருந்தன. வலி குறைந்ததும் அளவைக் குறைத்திருந்தார். நிறைய மீதம். அதுவும் கார்ட்டிசோன்தான். அது பூனைக்குச் சர்க்கரையை ஏற்றும் என்று நான் வேறெங்கும் படிக்கவில்லை. உங்கள் கேள்வியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். கேட்பது உங்கள் வேலை.

ரொட்டியில் தடவுகிற ஈரல் விழுது உண்டே, அதில் கொஞ்சம் எடுத்து, பொடித்துக் கலந்து, விரல் நுனியில் நீட்டினேன். பூனைக்கு மாத்திரை கொடுப்பது கடினம் என்பார்கள். கோஃபியோ மறுக்கவில்லை. விரலைச் சுத்தமாக நக்கியது. அதன் நாக்கு அவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சில நாளிலேயே அது என் அறைக் கதவுக்கு வெளியே வந்து காத்திருக்கத் தொடங்கியது. நான் கதவைத் திறந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும். சமையலறை வரை திரும்பித் திரும்பிப் பார்க்கும், வருகிறேனா என்று.

“பாரேன்,” என்றாள் சுல்மா. “துரை இப்பத்தான் உன்னக் கண்டுபிடிச்சிருக்கார்.”

“லஞ்சம் குடுக்கறேன்,” என்றேன்.

அது உண்மை. நான் அவளிடம் பொய் சொல்வது குறைவு.

சர்க்கரை ஏறியது. நீங்கள் இன்சுலினைக் கூட்டினீர்கள். மறுபடி ஏறியது. மறுபடி கூட்டினீர்கள். உணவை மாற்றினீர்கள், பல்லைப் பார்த்தீர்கள், குப்பியை மாற்றினீர்கள். “எனக்குப் புரியல. வேற மருந்து ஏதாவது போகுதா உள்ள?” என்றீர்கள். இல்லை என்றேன். நீங்கள் புத்தகத்தை எடுத்து எங்கள் எதிரிலேயே புரட்டினீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டானது.

பின்னங்கால்கள் விட்டுப்போயின. குதிகால் தரையில் பட, முயல் மாதிரி நடந்தது. அலமாரி மேல் ஏற முடியவில்லை. சுல்மா முக்காலி போட்டாள். முக்காலியும் உயரமாயிற்று. பிறகு அவளே அதைத் தூக்கி வெயிலில் வைத்தாள். வெயில் நகர்ந்தால் வந்து தூக்கி நகர்த்தி வைத்தாள். அந்த நேரங்களில் நான் மிஷினை வேகமாக மிதிப்பேன். சத்தம் தேவைப்பட்டது. மிஷினை நிறுத்தினால் அது என்னிடம் வந்துவிடும், அந்தக் காலை இழுத்துக்கொண்டு, ஈரலுக்காக. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியாது. இருந்தும் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் காத்திருந்து காத்திருந்து ஏமாறுமே என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

கோடை முடிகிற சமயம், ஒரு காலை, சுல்மா சொன்னாள்.

“வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்தான். இவன இந்த நிலைமையில தூக்கிட்டு அலைய முடியாது. அந்த மனுசனையும் வருசக்கணக்கா காக்க வைக்க முடியாது.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஞாயித்துக்கிழமை போன் மட்டும் பண்ணிக்கறேன்னார். அதுக்காவது அனுமதி உண்டா உன் வீட்டுல?”

“என் வீடா?”

“ஊத்து, அக்கா.”

ஊற்றினேன். இலை சாரமெல்லாம் போய் வெறும் தண்ணீராகும் வரை குடித்தாள். நன்றி சொல்லவில்லை.

மறுநாள் மாத்திரையை நிறுத்தினேன். இரக்கத்தால் நிறுத்தினேன். மறுநாளே நிறுத்தியதை வைத்து நீங்கள் வேறு மாதிரி எண்ணலாம். ஈரலை நிறுத்தவில்லை. வெறும் ஈரல் கொடுத்தேன். இனி அதற்குக் குணமாகிவிடும், கால் திரும்ப வரும், வீட்டில் மூவரும் நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணினேன். அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கம்.

மாத்திரை நின்றால் சர்க்கரை இறங்கும், இன்சுலினையும் குறைக்க வேண்டும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். அடுத்த பரிசோதனை வருகிறது, அப்போது நீங்களே பார்த்துக் குறைத்துவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். சுல்மா நீங்கள் சொன்ன அளவையே போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கோடு கூடாமல், ஒரு கோடு குறையாமல். வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த ஞாயிறு நான் சந்தைக்குக் கிளம்பும்போது அவள் போனில் இருந்தாள். வில்மார் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையை அசைத்தேன். தலையாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் போனில் இருக்கும்போது எதற்கும் தலையாட்டுவாள்.

பூசணியும் மீனும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சுல்மா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கோஃபியோ அலமாரி ஓரம் கிடந்தது. வெயில் அங்கிருந்து நகர்ந்து மிஷின் பக்கம் வந்துவிட்டிருந்தது. பூனை நிழலில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஈறில் தேன் தடவினோம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டால் செய்ய நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான். சுல்மா அதன் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் தடவினேன். வாய் அசையவில்லை. டாக்ஸியில் வந்தோம். நீங்கள் ஞாயிறென்று பாராமல் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். உங்களால் முடிந்ததையெல்லாம் செய்தீர்கள். முடிந்த பிறகு, துண்டால் அதை மூடும்போது கேட்டீர்கள்.

“காலையில ஊசி போட்டது யாரு?”

“நான்,” என்றாள் சுல்மா.

“நானும் போட்டேன்,” என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவளும் பார்த்தாள்.

“போறப்பவே சொன்னேனே, சுல்மா. நான் போட்டுட்டேன்னு. நீ போன்ல இருந்த.”

“எனக்குக் கேக்கல.”

“தலையாட்டின.”

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆமா. ஆட்டினேன்.”

நான் அன்று ஊசியைத் தொடவே இல்லை, டாக்டர். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. பூனையும் போய்விட்டால் அவளை இங்கே பிடித்துவைக்க எதுவும் இல்லையே என்று நான் கணக்குப் போட்டதாக நீங்கள் நினைக்கலாம். அப்படி எதுவும் தோன்றவில்லை. நீங்கள் கேட்டீர்கள். யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அடிக்கும் முன்பே வயரைப் பிடுங்கிவிட்டாள். அந்த மனிதர் வண்டி ஓட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் நடைவழியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்படி என்னதான் பண்ணிட்டா அவ?”

“ஊசி ரெண்டு தடவை விழுந்துடுச்சு. உங்ககூடப் பேசிட்டிருந்ததுல கவனிக்கல.”

“தெரியாம நடந்ததுக்கு யாரு தண்டனை குடுக்கறது?”

“அவளேதான் குடுத்துக்கறா.”

அவர் கதவருகே போய், “சுல்மா, தப்பு என்னோடது. நான்தானே போன் பண்ணேன்,” என்றார். ஆரஞ்சுப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவரும் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். இப்போது நீங்களும். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றும் செய்யாதவர்கள் எதற்காக வருந்த வேண்டும்?

சுல்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பகலில் அந்த வெயில் சதுரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். வெயில் நகர்ந்தால் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறாள். வலது கையை இடது கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள், அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது போல. நேற்று, “நிபியா, நான் எப்பவும் இப்படித்தானா? எதையும் காதுல வாங்காம?” என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை. சில சமயம் என்றேன்.

அவளிடம் சொல்லிவிடு என்று உங்கள் முகம் சொல்கிறது. நானும் யோசித்தேன். பூனை போய்விட்டது. வில்மாரும் வருவதாக இல்லை. இதைச் சொன்னால் அக்காவும் போய்விடுவாள். பிறகு அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் படித்தவர், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவளுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸை மட்டும் காலி செய்து கொடுத்துவிடுங்கள், நன்றாக அலசி வெந்நீர் ஊற்ற வேண்டும். அவள் காத்திருப்பாள். நான் அவளிடம் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை, டாக்டர். அதை நீங்கள் நம்ப வேண்டும். தினமும் காலையில் முதல் மாத்தேயை அவள் கையில் கொடுக்கும்போது, உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்கிறேன்.